டெக்கா, இன்ஜினா? வணிகக் கப்பலில் எந்தப் பக்கம் சேரலாம்?

கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது சம்பளத்தைத்தான். அதை வைத்து டெக் (கப்பலைச் செலுத்தும் பிரிவு), இன்ஜின் (இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு) இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. கேப்டனுக்கும் சீஃப் இன்ஜினியருக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி இல்லை. காண்ட்ராக்டும் லீவும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். மனநிறைவு எதில் கிடைக்கும் என்று பார்த்தால் மட்டுமே விடை தெரியும்.

டெக் அதிகாரிக்குக் கடல் எப்போதும் கண்முன்னால் இருக்கும். நாலு மணி நேரம் வாட்ச் எனும் காவல் பணி, எட்டு மணி நேரம் இடைவெளி, திரும்ப வாட்ச். பல கப்பல்களில் கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் சீஃப் ஆபீசருக்கு வருவது நாலு-எட்டு வாட்ச், அதாவது காலையும் மாலையும் நாலு முதல் எட்டு மணி வரை. விடியலும் அந்தியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நட்சத்திரமும் தொடுவானமும் சேர்ந்து தெரிகிற அந்தச் சில நிமிடங்களில் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடித்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடலாம். ஜிபிஎஸ் இருக்கும்போது எதற்கு என்று கேட்கலாம். நாம் போட்ட கணக்கு ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகும்போது வரும் சந்தோஷத்துக்காகவே செய்யலாம்! அப்புறம் ராத்திரியில் சிங்கப்பூர் நீரிணையைக் கடப்பது: சுற்றிலும் கப்பல் விளக்குகள், எது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்தபடியே போக வேண்டும். அதைச் சரியாகச் செய்து முடித்தவருக்கு வரும் தன்னம்பிக்கை லேசில் போகாது.

இதற்கு ஈடாகச் சுமக்க வேண்டியதும் பெரிது. கால்வாயில் வழிகாட்ட உள்ளூர் பைலட் ஏறியிருந்தாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டியபோது அதில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். ஆறு நாளில் கப்பலை மிதக்கவிட்டார்கள். ஆனால் எகிப்தை விட்டுக் கிளம்ப ஜூலை ஆகிவிட்டது.

இன்ஜின் ரூமில் வானம் கிடையாது. சூடு, இரைச்சல், எண்ணெய்ப் பிசுக்கு. நடுக்கடலில் ஏதாவது பழுதானால் மெக்கானிக் வரமாட்டார். இருக்கிற ஸ்பேர், ஒரு லேத், கூட நிற்கும் நாலு பேர், அவ்வளவுதான். பிஸ்டனைத் தூக்கி, ரிங் மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி, இன்ஜின் மறுபடி சீராக ஓடும் சத்தம் கேட்கும்போது கிடைக்கும் திருப்தி டெக்காரருக்கு வாய்க்காது. அந்தக் கைத்தொழில் கரைக்கும் கூடவே வரும்: மின் நிலையம், கப்பல் கட்டும் தளம், கப்பல்களைச் சோதிக்கும் சர்வேயர் வேலை. டெக்காரருக்குக் கரையில் அவ்வளவு வாசல்கள் இல்லை. ஆனால் துறைமுக பைலட் வேலை அவருக்கே உரியது. தினமும் கப்பல் ஏறலாம், பணி முடிந்ததும் வீட்டுக்கும் வரலாம்.

உலகம் சுற்றலாம் என்ற ஆசை மட்டும் இரண்டு பக்கமும் இப்போது பாதிதான் நிறைவேறும். கன்டெய்னர் கப்பல்கள் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை.

என் கருத்து இதுதான்: கடல்தான் வேண்டும் என்பவர் டெக்குக்குப் போகட்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் குடும்பத்தோடு கரையில் இருக்க நினைப்பவருக்கு இன்ஜின் நல்லது. எதுவானாலும், படிப்புக்குக் கட்டணம் கட்டும் முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள். டெக்குக்குக் கண்ணாடி இல்லாமலே பார்வை சரியாக இருக்க வேண்டும். இன்ஜினுக்குக் கண்ணாடி போட ஓரளவு அனுமதி உண்டு. நிறக்குருடு இருந்தால் இரண்டுமே கிடையாது.