பழைய சிடிகளைக் கோப்பாக்கிப் பயன்படுத்திய அனுபவம்

லேப்டாப்களில் சிடி டிரைவ் வருவது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. வீட்டில் இருந்த சிடி, டிவிடிகளை யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை வைத்துக் கோப்புகளாக்கி, விண்டோஸிலும் உபுண்டு லினக்ஸிலும் அவற்றையே பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு டிஸ்க்கில் உள்ள தகவலை அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து வைப்பதுதான் ஐஎஸ்ஓ. ‘எல்லாத்தையும் ஐஎஸ்ஓ ஆக்கிடு, வேலை முடிஞ்சது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மென்பொருள் சிடி, போட்டோ ஏற்றிய சிடி, வீடியோ டிவிடி இவற்றுக்கு ஐஎஸ்ஓ தாராளமாகப் போதும். விண்டோஸ் 8 முதல் தனி மென்பொருள்கூட வேண்டாம்; கோப்பை டபுள் கிளிக் செய்தால் தனி டிரைவாக வந்து நிற்கும். வேலை முடிந்ததும் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுக்க வேண்டும். டிவிடி ஐஎஸ்ஓவை விஎல்சி வீடியோ பிளேயரில் திறந்தால் மெனுவோடு ஓடும்.

சிக்கல் விசிடியில், அதாவது வீடியோ சிடியில்தான். 2000-களில் எடுத்த கல்யாணம், காதுகுத்து வீடியோக்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் விசிடியாகத்தான் கிடக்கின்றன. சிடியில் தகவலைச் செக்டர் எனும் சிறு துண்டுகளாகத்தான் எழுதுவார்கள்; ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட் உண்டு. டேட்டா சிடியில் 2048 பைட்தான் நம் தகவல். மிச்சம் பெரும்பாலும் பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். ஐஎஸ்ஓ அந்த 2048-ஐ மட்டும் எடுத்து வைக்கும். விசிடியிலோ கூடுதல் பிழைதிருத்தத்தை விட்டுவிட்டு 2324 பைட் வரை படத்துக்கே கொடுத்திருப்பார்கள். மென்பொருளில் ஒரு பைட் கெட்டாலும் அது ஓடாமல் போகலாம். படத்தில் கெட்டால் ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் விசிடியை 2048 கணக்கில் நகலெடுத்தால் வீடியோ உருப்படியாக வராது. செக்டரை முழுசாக எடுக்கும் ‘பின்–க்யூ’ (.bin, .cue) என்ற இரண்டு கோப்புகளின் ஜோடிதான் இதற்குச் சரி. 80 நிமிட சிடியை இப்படி எடுத்தால் கோப்பு 807 எம்பி வரை வரும். ‘700 எம்பி சிடியில் இது எப்படி?’ என்று திகைக்க வேண்டாம்; அந்த 700 என்பது செக்டருக்கு 2048 பைட் கணக்கு.

பாட்டு சிடிக்கும் இதே ஜோடிதான். பின் கோப்பில் சத்தம் இருக்கும். எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பது க்யூவில் இருக்கும். க்யூ வெறும் எழுத்துக் கோப்பு. அதற்குள் பின் கோப்பின் பெயர் எழுதியிருப்பதால், பெயரை மாற்றினால் நோட்பேடில் க்யூவைத் திறந்து அங்கேயும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் திறக்காது. இந்த ஜோடியை விண்டோஸ் தானாக மவுன்ட் செய்யாது, அதாவது டிரைவாகக் காட்டாது; அதற்கு நான் வின்சிடிஎமு என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். இலவசம், திறமூலம், தொந்தரவு இல்லை. சிடியை நகலெடுக்க இம்க்பர்ன் என்ற மென்பொருள். 2013-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு இல்லை, இருந்தும் இந்த வேலைக்கு இன்னும் அதைத்தான் திறக்கிறேன்.

கீறல் விழுந்த டேட்டா சிடியிலிருந்து தகவலை மீட்க லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி. நன்றாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்பதை மேப் கோப்பில் குறித்து வைக்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதே மேப் கோப்போடு சிடியை வேறொரு டிரைவில் போட்டுத் தொடரலாம் என்பது. ஒரு டிரைவ் கைவிரித்த செக்டரை இன்னொன்று சுலபமாகப் படித்துவிடுகிறது. பழைய டெஸ்க்டாப்பின் டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள். விசிடிக்கும் பாட்டு சிடிக்கும் மட்டும் இது உதவாது. அது 2048-ஐத்தான் கேட்கும்.

விண்டோஸ், உபுண்டு போன்ற இயங்குதள ஐஎஸ்ஓக்களைப் பென்டிரைவிலிருந்து நிறுவ வென்டாய் என்ற கருவி. இதே வேலைக்கு ரூஃபஸும் நல்ல கருவிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் பென்டிரைவை அழித்து எழுத வேண்டியிருக்கிறது. வென்டாயை ஒருமுறை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓக்களைச் சும்மா காப்பி செய்து போட்டால் போதும்; பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) உள்ள கணினியில் முதல் தடவை நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும், பயப்பட வேண்டாம். காப்பி செய்யும் முன், கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை, இறக்கிய தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; நிறுவலின் நடுவில் வரும் புரியாத பிழைச்செய்திகள் சிலவற்றுக்கு அரைகுறையாக இறங்கிய கோப்புதான் காரணம்.

தெரியாத மின்னஞ்சலில் ஐஎஸ்ஓ இணைப்பாக வந்தால் மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புக்கு விண்டோஸ் வைக்கும் எச்சரிக்கைக் குறி, மவுன்ட் செய்த ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளுக்குப் போய்ச் சேராத ஓட்டை ஒன்று இருந்தது. 2022 நவம்பர் அப்டேட்டில்தான் அதை அடைத்தார்கள்.