ஸ்டாக்ஹோமில் ஒரு பகல் நடை: பழைய நகரமா, யூர்கோர்டன் தீவா?

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் அமைந்த நகரம். தீவுகளைப் பாலங்கள் இணைப்பதால், முக்கியமான இடங்கள் பலவற்றை நடந்தே அடைந்துவிடலாம். ஆனால் ஒரு பகல்தான் இருக்கிறது என்றால், மத்திய ரயில் நிலையத்திலிருந்து தெற்கே கம்லா ஸ்தான் என்னும் பழைய நகரத்துக்குப் போவதா, கிழக்கே அருங்காட்சியகங்கள் நிறைந்த யூர்கோர்டன் தீவுக்குப் போவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

நடப்பதற்காகவே நடப்பவர்களுக்குப் பழைய நகரமே பொருத்தமானது என்பது என் கருத்து. அங்கே நுழைவுச்சீட்டு எதுவும் வாங்காமலேயே நாளின் பெரும்பகுதியைக் கழிக்கலாம். 1520 நவம்பரில், டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியன் ஸ்வீடனின் அரசராக முடிசூடிய சில நாள்களிலேயே, தம்மை எதிர்த்த பிரபுக்களையும் ஆயர்களையும் தலை வெட்டிக் கொன்றது ஸ்தூர்தொரியெத் சதுக்கத்தில்தான். இன்று அதே சதுக்கத்தில் காபிக் கடைகளின் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தில் நோபல் பரிசு அருங்காட்சியகம் இயங்குகிறது. அருகிலுள்ள பேராலயத்துக்குள், டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜின் பிரம்மாண்டமான மரச் சிற்பம் 1489 முதல் நிற்கிறது.

வெஸ்டர்லாங்காத்தான் என்னும் கடைத்தெருவை மட்டும் விரைந்து கடந்துவிடலாம். அங்கே குவித்து விற்கப்படும் கொம்பு வைத்த தலைக்கவசங்களை வைக்கிங்குகள் போரில் அணிந்ததற்குச் சான்றே கிடையாது. அதற்கு இணையாக ஓடும் ப்ரெஸ்ட்காத்தான் தெருவில் கூட்டமும் குறைவு, பழமையும் அதிகம். தெற்கு முனையில் உள்ள மோர்டன் ட்ரோட்சிக் சந்து, அதன் மிகக் குறுகிய பகுதியில் 90 சென்டிமீட்டர் அகலமே கொண்டது. எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பித்தான் வழிவிட வேண்டும். அங்கிருந்து ஸ்லுசென் வழியாக சோடர்மால்ம் தீவின் மேட்டுக்கு ஏறினால், மொண்டேலியஸ்வேகன் நடைபாதையிலிருந்து மெலாரன் ஏரியையும், 106 மீட்டர் உயரக் கோபுரத்துடன் நிற்கும் நகர மண்டபத்தையும், காலையில் சுற்றி வந்த தெருக்களின் கூரைகளையும் ஒரே பார்வையில் காணலாம். குறை என்னவென்றால், பழைய நகரத்தின் கருங்கல் பாவிய தெருக்கள் குழந்தை வண்டியையும் வலிக்கும் மூட்டையும் எளிதில் மன்னிப்பதில்லை.

யூர்கோர்டன் இதற்கு நேர்மாறானது. ஸ்ட்ராண்ட்வேகன் கடற்கரைச் சாலை வழியாக அங்கே போகும் பாதை சமதளமானது, அழகானது. ஆயினும் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை கட்டணம் செலுத்தி நுழையும் இடங்கள்.

அவற்றில் வாசா கப்பலுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. 1628 ஆகஸ்டு 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட அந்தப் போர்க்கப்பல், மேற்பகுதியின் பாரம் மிகுந்திருந்ததால் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து, துறைமுகத்தைத் தாண்டுவதற்கு முன்பே மூழ்கியது. பால்டிக் கடலின் நீரில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே வாழ்வதில்லை. எனவேதான் 333 ஆண்டுகள் கழித்து 1961-இல் தூக்கியபோதும் கப்பல் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. 18 வயது வரையிலானோருக்கு இந்த அருங்காட்சியகத்தில் கட்டணம் இல்லை. 1891-இல் ஆர்தர் ஹசேலியஸ் நிறுவிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய வீடுகளோடு கரடி, எல்க் மான் போன்ற வடபுலத்து விலங்குகளும் உள்ளன. குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதற்கே அரைநாள் போதாது.

பருவமும் இந்தத் தேர்வை மாற்றக்கூடும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அந்தக் குளிரில் மேட்டில் நின்று காட்சி பார்ப்பதைவிட வாசா அருங்காட்சியகத்துக்குள் இருப்பதே அறிவுடைமை. ஜூன் மாதத்திலோ இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், ஸ்கான்செனை விட்டுவிடத் தயாராக இருப்பவர்கள் காலையில் வாசாவை மட்டும் பார்த்துவிட்டு, யூர்கோர்டனிலிருந்து ஸ்லுசெனுக்குப் படகில் வந்து, பழைய நகரத்தையும் மொண்டேலியஸ்வேகனையும் மாலையில் நிதானமாக நடந்து முடிக்கலாம்.