கினியில் அளக்கப்பட்ட வீழ்ச்சி: ஏ. ஜே. குரோனினின் ‘தி சிட்டாடல்’

ஏ. ஜே. குரோனின் 1937இல் வெளியிட்ட ‘தி சிட்டாடல்’ நாவலைப் படித்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் முதற்பாதியைத்தான் சொல்வார்கள். 1924 அக்டோபரில், படிப்பை அப்போதுதான் முடித்த ஆண்ட்ரூ மேன்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞன் தெற்கு வேல்ஸின் சுரங்க ஊர் ஒன்றுக்கு உதவி மருத்துவனாக வருகிறான். டைஃபாய்டைப் பரப்பும் பழைய சாக்கடையைச் சீர்செய்ய எவரும் முன்வராததால், டென்னி என்ற அறுவை மருத்துவனோடு சேர்ந்து அதை இரவோடு இரவாக வெடிவைத்துத் தகர்க்கிறான். பிறகு ஒரு பிரசவக் காட்சி வருகிறது. செத்துப் பிறந்ததாக எண்ணி, கட்டிலுக்கடியில் நனைந்த செய்தித்தாள்களுக்கிடையே ஒதுக்கிவிட்ட சிசுவை அவன் வெளியே இழுத்து, வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாறி மாறி முக்கி, மார்பை அழுத்தி அழுத்தி மூச்சை வரவழைக்கிறான். மருத்துவராகவே வாழ்ந்த ஒருவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும். குரோனின் வேல்ஸின் டிரெடெகர் ஊரில் பணிபுரிந்தவர். சுரங்கங்களின் மருத்துவ ஆய்வாளராக இருந்தவர். பின்னர் லண்டனில் பணக்கார நோயாளிகளையும் பார்த்தவர்.

இருப்பினும், என் கணிப்பில் நாவலின் உண்மையான பலம் இரண்டாம் பாதியில், மேன்சன் லண்டனுக்கு வந்தபின் சரியும் விதத்தில்தான் இருக்கிறது. அவன் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. பாடிங்டனில் வாங்கிய சிறு மருத்துவமனையில் வருமானத்துக்கு ஏங்கியிருக்கும்போது, துணிக்கடைப் பணிப்பெண் ஒருத்தியின் தோல்நோயைக் குணப்படுத்துகிறான். அவள் வழியாகச் சீமாட்டிகள் வருகிறார்கள். தேவையில்லாத ஊசிகள், கல்லூரித் தோழனான ஹாம்ஸன் கற்றுத்தரும் நடைமுறைகள், ஒருவர் நோயாளியை மற்றவரிடம் இரண்டாவது கருத்துக்கு அனுப்பிக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே தெரிகிறது. ஸ்கேன் சென்டர் கமிஷன் என்ற சொற்றொடர் பழகிப்போன நமக்கு இந்தப் பகுதியை விளக்க எவரும் தேவையில்லை.

இந்தச் சரிவை எழுத்தாளர் அறவுரையாகச் சொல்லாமல் கினிக் கணக்காகச் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இருபத்தொரு ஷில்லிங் கொண்ட கினி என்ற பழைய பிரிட்டிஷ் பணக்கணக்கில் கட்டணம் சொல்வது அன்றைய உயர்தர மருத்துவர்களின் வழக்கம். வேல்ஸில் அந்தக் குழந்தையின் தந்தை நன்றியோடு தந்த ஐந்து கினியை வாங்கியதற்காக மேன்சன்மீது பழி வந்தபோது நாம் அவன் பக்கம் நிற்கிறோம். அதே மனிதன் லண்டனில் கினிகளை எண்ணி மகிழ, அதைக் கண்டு மனைவி கிறிஸ்டின் மௌனமாக விலகிப்போகிறாள்.

திருப்புமுனை ஹாரி விட்லர் என்ற எளிய கடைக்காரரின் அறுவை சிகிச்சை. செருப்புத் தைப்பதற்கு ஒரு பாதியும் துணி வெளுத்துத் தேய்ப்பதற்கு மறுபாதியுமாக அமைந்த அவரது கடையை ஆசிரியர் முன்பே அன்போடு காட்டிவிடுகிறார். அவரைத் தன் வட்டத்து அறுவை மருத்துவனான ஐவரியிடம் மேன்சனே பரிந்துரைக்கிறான். வயிற்றிலிருந்த கட்டியைப் பிரித்தெடுக்கத் தெரியாமல் ஐவரி தடுமாறுவதும், கட்டி உடைந்து குருதி பெருகுவதும், உயிர் பிரிந்த உடலைப் பதற்றமின்றித் தைத்து முடிப்பதும், பக்கத்தில் நிற்கும் மேன்சனின் கண்கள் வழியாகவே வருகின்றன. கத்தி பிடித்தவன் ஐவரி என்றாலும் குற்றம் பரிந்துரைத்தவனுக்கும் உரியது என்பதை அந்த அத்தியாயம் ஓர் அலங்கார வாக்கியமும் இல்லாமல் உணர்த்திவிடுகிறது.

மீட்சிப் பகுதி இந்த உயரத்தை எட்டவில்லை. மனந்திருந்திய மேன்சனோடு கிறிஸ்டின் மீண்டும் ஒன்றிய சில நாட்களிலேயே, அவனுக்குப் பிடித்த பாலாடைக்கட்டி வாங்கச் சென்றவள் பேருந்தில் அடிபட்டு இறக்கிறாள். நாயகனின் மனச்சாட்சியாக மட்டுமே இருக்கப் பணிக்கப்பட்ட அந்தப் பெண்ணை, அவனுடைய துயரத்தைக் கூட்டுவதற்காகவே ஆசிரியர் பலியிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. அடுத்து மருத்துவக் கவுன்சிலின் விசாரணை. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. காசநோயாளியான ஒரு பெண்ணை, நுரையீரலைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி ஓய்வுகொடுக்கும் சிகிச்சையில் தேர்ந்தவரும், ஆனால் மருத்துவப் பட்டம் பெறாதவருமான அமெரிக்கர் ஒருவரிடம் அழைத்துச் சென்றதுதான் மேன்சன்மீது சுமத்தப்படும் குற்றம். நல்லது செய்ததற்காக விசாரிக்கப்படுகிறான்; விட்லர் விஷயத்தில் எவரும் அவனைக் கூண்டில் ஏற்றவில்லை. கசப்பான இந்த முரணை இன்னும் கூர்மையாக்க வேண்டிய இடத்தில் குரோனின் நீண்ட, கைதட்டல் வாங்கக்கூடிய ஓர் உரையை வைத்துவிட்டார். உரை நன்றாகத்தான் இருக்கிறது. விட்லர் வீட்டுக் கணக்கு அதனால் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1948இல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவை பிறப்பதற்கு மக்கள் மனத்தைப் பண்படுத்திய நூல் என்று இதைச் சொல்வதுண்டு. அந்தச் சேவையை நிறுவிய அமைச்சர் அன்யூரின் பெவனும் டிரெடெகர்காரரே. ஆயினும் மேன்சன் வேல்ஸில் வேலை பார்த்த, தொழிலாளர்கள் சந்தா கட்டி நடத்தும் மருத்துவச் சங்கத்தை நாவல் புகழ்வதில்லை. பொய்ச் சான்றிதழ் கேட்டு வரும் உறுப்பினர்களையும், உதவி மருத்துவர்களின் வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் தலைமை மருத்துவரையும் அது மறைக்காமல் காட்டுகிறது.

நடை எளிது, ஆங்கில நாவல்களில் பழக்கமில்லாதவர்களும் தடையின்றிப் படிக்கலாம். 1971இல் விஜய் ஆனந்த் இயக்கிய ‘தேரே மேரே சப்னே’ இந்திப் படம் இக்கதையைத் தழுவியது. கிங் விடார் இயக்கிய 1938ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலை ஒதுக்கிவிட வேண்டாம்: அதில் கிறிஸ்டின் உயிரோடிருக்கிறாள், தவறான அறுவை சிகிச்சையில் சாவது நண்பன் டென்னி. நண்பனை இழந்து எவனும் கலங்குவான். நாவலின் மேன்சனோ, தன்னை முழுதாக நம்பிவந்த ஒரு கடைக்காரருக்காகக் கலங்குகிறான்.