பிஆர்பியா, எக்ஸோசோமா, சால்மன் ஊசியா? பருக்குழிக்கு எது கேக்கும்

போன வாரம் எங்க சித்தி பொண்ணு ஒரு கிளினிக்ல எழுதிக் குடுத்த பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பிச்சிருந்தா. அவ கன்னத்துல இருக்கற பருக்குழிக்கு மூணு பேக்கேஜ். மைக்ரோநீடிலிங் (பொடி ஊசியால தோலைக் குத்தறது) கூட பிஆர்பி (நம்ம ரத்தத்துல இருந்தே பிரிச்சு எடுக்கற பிளேட்லெட் சரக்கு) ஒரு சிட்டிங் 6,500, அதே மைக்ரோநீடிலிங் கூட எக்ஸோசோம் 18,000, சால்மன் டிஎன்ஏ ஊசி 22,000. நாலு சிட்டிங் எடுத்தே ஆகணுமாம், மொத்தப் பணத்தையும் இன்னைக்கே கட்டுனா 10% தள்ளுபடியாம். "அக்கா, நீ பண்ணியிருக்கியே, எதை எடுக்கட்டும் சொல்லு, சித்திரைல கல்யாணம்"னு கீழ எழுதியிருந்தா. அவளுக்கு பதில் சொல்ல உக்காந்து ரெண்டு ராத்திரி ஓடிருச்சு, அவ்வளவு சொல்ல வேண்டியிருந்துச்சு, அதே கேள்வியோட நிறைய பொண்ணுங்க பசங்க சுத்திட்டு இருக்கீங்கன்னு தெரியும், அதனால இங்கயும் எழுதறேன்.

மொதல்ல ஒரு விஷயம். பருத்தழும்புன்னு நாம ஒரே பேர் வெச்சு சொல்றோம், ஆனா அதுல நாலு சாதி இருக்கு. ஊசியால குத்துன மாதிரி வாய் சின்னதா ஆழம் ஜாஸ்தியா இருக்கறது ஐஸ்பிக். ஓரம் செங்குத்தா வெட்டுன மாதிரி, அம்மைத் தழும்பு கணக்கா இருக்கறது பாக்ஸ்கார். அலை அலையா மேடு பள்ளமா தெரியறது ரோலிங், இதுல தோலுக்கு அடியில நார் மாதிரி ஒரு திசு தோலைப் பிடிச்சு கீழ இழுத்துட்டே இருக்கும். நாலாவது, குழியே இல்லாம வெறும் கருப்பா நிக்கற மார்க், அது தழும்பே கிடையாது, கறை, அதுக்கு ஊசியே வேணாம், சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதற கிரீமும் மாசக்கணக்குல விடாம போட்டா மங்கிரும்.

வீட்டுலயே பாக்கலாம். ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சை காதுப் பக்கம் பிடிச்சுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நில்லுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழும்போது குழியெல்லாம் நிழல் கட்டி தெளிவா தெரியும், அப்ப ரெண்டு விரலால கன்னத்தை லேசா இழுத்துப் பாருங்க. இழுத்ததும் பள்ளம் காணாமப் போச்சுன்னா ரோலிங். இழுத்தாலும் அப்படியே குத்துன மாதிரி நின்னா ஐஸ்பிக், இல்லன்னா ஆழமான பாக்ஸ்கார். இதைப் பாக்காம, முகத்தைத் தொடாம, நேரா பேக்கேஜ் பேப்பரை எடுத்து நீட்டுற இடத்துல பணம் கட்டாதீங்க. எங்க சித்தி பொண்ணு கன்னத்தை அங்க யாருமே தொட்டுக்கூட பாக்கலை, அதுதான் எனக்கு தாங்கல.

சரி, இப்ப மொத ரெண்டு பேக்கேஜுக்கும் அடிப்படையா இருக்கற ஊசிக்கு வருவோம். மைக்ரோநீடிலிங்ங்கறது பேனா மாதிரி ஒரு மிஷின், முனையில பொடிப்பொடியா ஊசி, தோலை வேகமா குத்திக்கிட்டே போகும், குழிக்கு ஏத்த மாதிரி 0.5 மில்லிமீட்டர்ல இருந்து 2.5 வரைக்கும் ஆழம் வெச்சுக்கலாம். குத்துன காயத்தை ஆத்தறதுக்கு உடம்பே புது கொலாஜன் போடும், தோலைத் தாங்கிப் பிடிக்கற புரதம் அது, வித்தை அவ்வளவுதான். இது ஒண்ணும் நேத்து வந்ததில்ல, 1997லயே மாண்ட்ரியால்ல கமிராண்ட், டூசெட்னு ரெண்டு பேர் மை இல்லாத டாட்டூ மிஷினை வெச்சு தழும்பு மேல குத்தி, தோல் சீராகுதுன்னு எழுதியிருக்காங்க, அப்புறம் தென்னாப்பிரிக்காவுல டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ்ங்கற டாக்டர் உருளை மாதிரி ரோலரா கொண்டு வந்தாரு. கொலாஜன் ஊற டைம் எடுக்கும், ஒரு சிட்டிங்கோட பலன் முழுசா தெரிய மூணு மாசம் ஆகும். அதனால ரெண்டு வாரத்துல கண்ணாடியைப் பாத்து அழாதீங்க, நான் அழுதிருக்கேன்.

பிஆர்பியும் எக்ஸோசோமும் இந்தக் குத்தலுக்கு மேல ஊத்தற சாமான். பேப்பர்ல பேர் பெருசா இருக்கறது அந்த சாமானுக்கு, ஆனா பாதி வேலைக்கு மேல செய்யறது ஊசி. இதை நானா சொல்லலை. 2016ல நம்ம நாட்டு டாக்டர்களே பண்ணுன ஒரு ஆய்வு இருக்கு, 50 பேர், எல்லாருக்கும் முகம் பூரா மைக்ரோநீடிலிங், ஒரு கன்னத்துல பிஆர்பி, இன்னொரு கன்னத்துல வெறும் டிஸ்டில்டு வாட்டர். பிஆர்பி பக்கம் சுமார் 62% முன்னேற்றம், தண்ணி பக்கம் சுமார் 46%. பிஆர்பி வேலை செய்யுது, அதுல சந்தேகமே இல்ல, ஆனா தண்ணி ஊத்துன பக்கமும் எவ்வளவு தேறியிருக்குன்னு பாருங்க.

பிஆர்பி எப்படி எடுப்பாங்கன்னு பக்கத்துல பாத்தவ நான். கையில 15, 20 மில்லி ரத்தம் எடுத்து ட்யூப்ல போட்டு மிஷின்ல சுத்த விடுவாங்க. வெளிய எடுக்கும்போது ட்யூப்ல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருக்கும், அடியில அடர் சிவப்பு, நடுவுல நூல் கனத்துக்கு வெள்ளையா ஒரு படலம், மேல எலுமிச்சை ஜூஸ் நிறத்துல தெளிவா பிளாஸ்மா. அந்த வெள்ளைப் படலத்தை ஒட்டித்தான் பிளேட்லெட் கூட்டமா இருக்கும், காயத்தை ஆத்தச் சொல்ற வளர்ச்சிக் காரணி எல்லாம் அதுக்குள்ளதான். எனக்குப் பண்ணுன டாக்டரம்மா ரெண்டாவது தடவையும் சுத்த விட்டு, கீழ தங்குனதை மட்டும் எடுத்தாங்க. "மேல இருக்கறது வெறும் தண்ணி மாதிரிம்மா, அவசரப்பட்டா அதைத்தான் உங்க மூஞ்சில தடவணும்"னு சொன்னாங்க. அதனாலதான் ஒரே பிஆர்பி ஒரு இடத்துல கேக்குது இன்னொரு இடத்துல கேக்கலை, சரக்கு செய்யற விதம் இடத்துக்கு இடம் மாறுது. நம்ம பிளேட்லெட் நல்லா இருக்கணும், அதனால ரத்தப் பரிசோதனை பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும், ஆஸ்பிரின், ப்ரூஃபென் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க முன்கூட்டியே சொல்லிரணும்.

பிஆர்பியோட பெரிய நிம்மதி, அது நம்ம ரத்தம், அலர்ஜி பயம் ரொம்பக் கம்மி. ஆனா ரத்தம்ங்கறதாலதான் பயமும். அமெரிக்காவுல நியூ மெக்ஸிகோ மாநிலத்துல லைசென்ஸ் இல்லாத ஒரு ஸ்பாவுல வேம்பயர் ஃபேஷியல்னு பேர் வெச்ச இதே பிஆர்பி மைக்ரோநீடிலிங் பண்ணிக்கிட்டவங்கள்ல குறைஞ்சது மூணு பேருக்கு அங்கிருந்துதான் ஹெச்ஐவி வந்திருக்கணும்னு அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2024ல அறிக்கை குடுத்துச்சு. 2018ல அதிகாரிங்க உள்ள போய்ப் பாத்தப்ப பேர் எழுதாத ரத்த ட்யூப் கிச்சன் மேடையில, ஃப்ரிட்ஜ்ல சாப்பாட்டோட சேர்த்து வெச்சிருந்திருக்காங்க. அதனால கூச்சமே படாதீங்க. ட்யூப்ல உங்க பேரை உங்க கண்ணு முன்னாடி எழுதச் சொல்லுங்க, ஊசி கார்ட்ரிட்ஜ் கவரை உங்க முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. நல்ல டாக்டர் யாரும் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க.

அடுத்து எக்ஸோசோம், இப்ப எல்லா ரீல்ஸ்லயும் இதுதான். செல்லு ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கறதுக்கு வெளிய விடற குட்டிக் குட்டி பொட்டலம்னு வெச்சுக்கங்க, 30ல இருந்து 150 நானோமீட்டர்தான் அளவு. கடைல வர்ற சரக்குல சிலது மனுஷ கொழுப்புல இருக்கற ஸ்டெம் செல்ல இருந்து எடுத்தது, சிலது தொப்புள்கொடியில இருந்து, சிலது ரோஜா மாதிரி செடியில இருந்து. பேர் ஒண்ணுதான், உள்ள இருக்கறது வேற வேற. இதை யாரும் பேப்பர்ல எழுதறதில்ல. பலன் இல்லைன்னு சொல்ல மாட்டேன், 2020ல கொரியாவுல 25 பேர்கிட்ட பண்ணுன ஆய்வுல லேசர் பண்ணி ஒரு பக்கம் எக்ஸோசோம் ஜெல் போட்டாங்க, 12 வாரத்துல அந்தப் பக்கம் தழும்பு மதிப்பெண் 32.5% குறைஞ்சுது, வெறும் ஜெல் பக்கம் 19.9%. நல்ல வித்தியாசம்தான். மேல சொன்ன 62ஐயும் இந்த 32ஐயும் பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்க, அது ஊசி இது லேசர், அளந்த விதமும் வேற. ஒவ்வொண்ணுலயும் சாமான் போட்ட பக்கத்துக்கும் போடாத பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு மட்டும் பாத்தா, பிஆர்பியை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு காசு குடுக்கற அளவுக்கு எக்ஸோசோம் எங்க ஜெயிச்சுதுன்னு எனக்குப் புரியலை.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுவரைக்கும் ஒரு எக்ஸோசோம் சரக்கையும் மருந்தா அங்கீகரிக்கலை, 2019 டிசம்பர்ல நெப்ராஸ்காவுல எக்ஸோசோம்னு சொல்லி போட்டதுல சிலருக்கு கடுமையான பாதிப்பு வந்ததும் பொதுமக்களுக்கே எச்சரிக்கை விட்டுச்சு. இதை உலகத்துக்கே விக்கற கொரியாவுலயே இது அழகுசாதனப் பொருள் கணக்குலதான் வருது, மேல தடவத்தான் அனுமதி, ஊசியா போட இல்ல. அதனால யாராச்சும் சிரிஞ்சுல ஏத்தி உள்ள போடறேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. குப்பியை வாங்கிப் பாருங்க, அடியில வெள்ளையா கற்பூரத் துண்டு மாதிரி பொடி ஒட்டியிருக்கும், கூட ஒரு தண்ணி பாட்டில், லேபிள்ல எதுல இருந்து எடுத்தது, எக்ஸ்பைரி, வெளிப்பூச்சுக்கு மட்டுமான்னு எல்லாம் இருக்கும். போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

மூணாவது சால்மன். சால்மன் மீனோட விந்தணுவுல இருந்து டிஎன்ஏவைப் பிரிச்சு சுத்தம் பண்ணி துண்டு துண்டாக்குனது, பிடிஆர்என், பாலிநியூக்ளியோடைடுன்னு பேரு. மொதல்ல இத்தாலில புண்ணு ஆத்தறதுக்குப் போட்டாங்க, கொரியாவுல 2014ல ரெஜுரான்னு வந்த பிறகுதான் அழகுக்குன்னு பிரபலமாச்சு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி கண்ணுக்குக் கீழ போட்டுக்கிட்டா, நான் கூடப் போயிருந்தேன். மரத்துப்போற கிரீம் முக்கால் மணி நேரம் ஊறியும் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா, ஒவ்வொரு குத்துக்கும் கொசு கடிச்ச மாதிரி சின்னச் சின்னதா தடிச்சு, வரிசையா மேடு. அது அமுங்க ரெண்டு நாள் ஆச்சு. மூணு சிட்டிங் முடிஞ்சு தோல் நிஜமாவே நல்லா இருந்துச்சு, வறட்சி போயிருச்சு, மெல்லிசு சுருக்கம் குறைஞ்சுது. ஆனா அவளுக்குக் குழி கிடையாது. தோலோட தரம், மினுமினுப்பு, கண்ணோர சுருக்கம்னா சால்மனை யோசிக்கலாம், கன்னத்துல ஆழமான பள்ளம்னா இதை மட்டும் நம்பி 88,000 போடறது வீண். மீன் அலர்ஜி இருக்கறவங்க வாயைத் திறந்து சொல்லிருங்க. ப்ரொஃபைலோன்னு இன்னொரு ஊசியும் இந்தக் கதைதான், அது தோல்ல ஈரத்தைப் பிடிச்சு வெக்கற ஹையலுரானிக் ஆசிட், ஒரு பக்கத்துக்கு அஞ்சு குத்து, ஒரு மாசம் விட்டு ரெண்டு சிட்டிங், தொய்வுக்கும் வறட்சிக்கும் சரி, பருக்குழிக்கு வந்ததில்ல.

ரேடியோ அலை சேர்ந்த மைக்ரோநீடிலிங்கையும் லேசரையும் நிறைய பேர் கேக்கறீங்க. ரெண்டும் பலமானது, ஆனா நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் சூடு ஜாஸ்தியாப் போனா குழி போய் கருப்பு வந்து உக்காந்துக்கும், சிஓ2 லேசர்ல இது அதிகம். ரேடியோ அலைல மேல்தோலுக்கு சூடு கம்மி, அதனால நம்ம நிறத்துக்கு இது தேவலைன்னு சொல்வாங்க, இருந்தாலும் தீக்காயம், தழும்பு, முகக் கொழுப்பு கரையறது, நரம்பு பாதிப்புன்னு புகார் வந்து 2025 அக்டோபர்ல எஃப்டிஏ இதுக்கும் எச்சரிக்கை குடுத்திருக்கு. மிஷினை விட பிடிக்கற கைதான் முக்கியம். எம்டி டிவிஎல், டிடிவிஎல் மாதிரி தோலுக்குன்னு படிச்சவங்களான்னு பாருங்க, வெள்ளைக் கோட்டைப் பாத்து ஏமாறாதீங்க.

இப்ப எனக்கு வயிறு எரியற விஷயம். அந்தப் பேப்பர்ல ரெண்டு பழைய வைத்தியத்தோட பேரே இல்ல. ரோலிங் தழும்புக்கு சப்சிஷன், 1995ல இருந்து இருக்கு, மரத்துப்போக வெச்சுட்டு ஊசியை தோலுக்கு அடியில படுக்க வெச்சு அந்த நாரை அறுத்து விடறது. அறுத்தாதான் தோல் மேல வரும், நார் இழுத்துக்கிட்டே இருக்கும்போது மேல தங்கத்தை உருக்கி ஊத்துனாலும் பள்ளம் பள்ளம்தான். ஐஸ்பிக்குக்கு டிசிஏ கிராஸ், 2002ல கொரியாக்காரங்க சொன்னது, கடுமையான ஆசிட்டை கூரான குச்சி முனையில தொட்டு குழிக்குள்ள மட்டும் ஒரு பொட்டு வைப்பாங்க, பனி பிடிச்ச மாதிரி வெளுத்து, அப்புறம் பொருக்கு தட்டி உதிரும். டாக்டர் கையாலதான் பண்ணணும், ஆன்லைன்ல ஆசிட் வாங்கி நீங்களா வைக்காதீங்க. எனக்கு இந்த ரெண்டும் தலா ரெண்டு தடவை, அப்புறம் பிஆர்பியோட மைக்ரோநீடிலிங் நாலு. போட்டோவை வரிசையா வெச்சுப் பாத்தா பெரிய மாற்றம் தெரியறது சப்சிஷனுக்கு அப்புறம்தான், ஒரு வாரம் கன்னம் நீலம் பாரிச்சு வீங்கிக் கிடந்துச்சு, ஆனா அந்த வலிக்கு அர்த்தம் இருந்துச்சு.

அதனால அவளுக்கு நான் எழுதுனது இது. புதுப் பரு இன்னும் வருதுன்னா மொதல்ல அதை நிறுத்து, வந்துட்டே இருக்கும்போது குழியை நிரப்பாத. ரோலிங்னா சப்சிஷன், ஐஸ்பிக்னா கிராஸ், மேலாப்புல இருக்கறதுக்கு மைக்ரோநீடிலிங், கைல காசு இருந்தா கூட பிஆர்பி. எக்ஸோசோமுக்கு இப்ப காசு போடாத. சால்மன் வேணும்னா கல்யாணம் முடிஞ்சு யோசி. கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது எதையும் புதுசா தொடாத. ஒவ்வொரு சிட்டிங்குக்கு அப்புறமும் வெயில்ல போகாத, ஸ்கூட்டியில போனா முகத்தைத் துணியால மூடிக்கோ, சன்ஸ்கிரீனை மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடு, இல்லன்னா குத்துன இடமெல்லாம் கருத்துரும். முன்பணம் கட்டாத, ஒவ்வொரு சிட்டிங்கா குடு.

நேத்து ராத்திரி 11 மணிக்கு பதில் வந்துச்சு, லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சு எடுத்த ரெண்டு போட்டோ. மொத்தம் ஒம்பது குழி எண்ணியிருக்கா, இழுத்துப் பாத்ததுல ஆறு மறையுது, மூணு மறையலையாம். அந்த ஒம்பதையும் பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்கா, சனிக்கிழமை வேற ஒரு டாக்டரைப் பாக்க ரெண்டு பேரும் போறோம்.