துண்டறிக்கையா, கையடக்கச் சிற்றிதழா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் மசாலாக் கடை நடத்தும் ஒருவர் புரட்டாசி விரத மாத விற்பனையை விளம்பரப்படுத்த எண்ணினால், துண்டறிக்கை அவருக்கு மலிவானது, விரைவில் அச்சாகக்கூடியது. ஆனால் சலுகை முடிந்த மறுநாளே அது குப்பைக்குப் போய்விடும்.

சிற்றிதழின் கதை வேறு. ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால், பின்னூசிகூட இல்லாமல் எட்டுப் பக்க இதழ் கைக்கு வந்துவிடும். அதில் சாம்பார்ப் பொடி வறுக்கும் பக்குவத்தையும், 1860 முதல் இந்தியாவிலிருந்து அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் அடுப்படிச் செய்திகளையும் சேர்த்தால், வாடிக்கையாளர் அதைப் பத்திரப்படுத்துவார் என்றே கருதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத இளையோருக்காக ஆங்கிலமும் இடம்பெறுவது நல்லது. விலையை மட்டும் அச்சிட வேண்டாம். அது துண்டறிக்கையின் வேலை.