ஃபயர்ஸ்டோர்மா, லிண்டன் லாப் வியூவரா?

செக்கண்ட் லைஃப் மெய்நிகர் உலகுக்குள் நுழைய எந்த வியூவரை, அதாவது அவ்வுலகைக் கணினியில் காட்டும் மென்பொருளை, நிறுவுவது என்று யாழ்ப்பாணத்து மாணவர் சிலர் தடுமாறுகிறார்கள். ஒன்று செக்கண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லாப் நிறுவனத்தின் சொந்த வியூவர்; மற்றது அதன் மூலநிரலைத் தழுவி வேறு குழுவினர் உருவாக்கும் ஃபயர்ஸ்டோர்ம். இரண்டையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

செலவு: இரண்டும் இலவசம்.

பதிப்பெண்: ஃபயர்ஸ்டோர்ம் 7.1.9 என்பது போன்ற எண்ணின் பின்னால், 'அபவுட்' சாளரத்தில் ஐந்திலக்க எண்ணொன்றும் தெரியும். அது அந்தத் தொகுப்பின் அடையாளம். கோளாறை முறையிடும்போது அதையும் சேர்த்து எழுதுவது அவசியம். முன்னுள்ள எண்கள் பெரும்பாலும் லிண்டன் லாப் மூலநிரலைத் தழுவியவை என்பதால், பெரிய எண் மாறினால் வெறும் திருத்தமென்று கருதி நிறுவிவிடக் கூடாது.

புதுமை: லிண்டன் லாப் வியூவரில் முதலில் வரும். பொருட்களின் மேற்பரப்பில் ஒளி இயல்பாகப் படிவதைக் காட்டும் பி.பி.ஆர். வசதி அங்கே 2023 இறுதியில் வந்தது; ஃபயர்ஸ்டோர்முக்கு 2024 இல்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கொள்வதில்லை.

வசதி: அவதாரின் (உள்ளே நம்மைக் குறிக்கும் உருவத்தின்) நடை, இருப்பு அசைவுகளை மாற்றும் கருவி ஃபயர்ஸ்டோர்மிலேயே உண்டு, மற்றதில் அதற்குத் தனிப்பொருள் அணிய வேண்டும். செக்கண்ட் லைஃப் போன்ற மெய்நிகர் உலகங்களை வேறு பலர் நடத்த உதவும் திறந்த மென்பொருளான ஓப்பன்சிமில் இயங்கும் உலகங்களுக்கும் ஃபயர்ஸ்டோர்மில் தனித் தொகுப்பு கிடைக்கிறது.

சுமை: பி.பி.ஆர். வந்தபின் இரண்டுமே பழைய மடிக்கணினியைத் திணறடிக்கும். பார்வைத் தூரத்தைக் குறைத்தால் கணினிக்கும் டேட்டாவுக்கும் ஆறுதல்.

எளிமையும் உடனடிப் புதுமையும் வேண்டுவோருக்கு லிண்டன் லாப் வியூவர் பொருந்தும். நாள்தோறும் உள்ளே நுழைந்து கட்டியெழுப்புவோர் ஃபயர்ஸ்டோர்மையே தேர்ந்தெடுக்கலாம்.