யூ2-வின் ‘சாங்ஸ் ஆஃப் சரண்டர்’: பழைய பாடல்கள் நாற்பது, புதிய குரலில்

அயர்லாந்தின் யூ2 இசைக்குழு 2023 மார்ச் 17 அன்று, செயின்ட் பேட்ரிக் திருநாளில், வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் சரண்டர்’ தொகுப்பில் புதிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நாற்பதாண்டுக் காலத்துப் பாடல்களிலிருந்து 40-ஐத் தேர்ந்து, பலவற்றின் வேகத்தைக் குறைத்து, சுருதியை இறக்கி, சில இடங்களில் வரிகளையும் மாற்றி மறுபடியும் பதிவு செய்திருக்கிறார்கள். நான்கு பகுதிகளுக்கும் எட்ஜ் (கிட்டார்), லாரி (டிரம்ஸ்), போனோ (பாடகர்), ஆடம் (பாஸ் கிட்டார்) என்று உறுப்பினர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். பழைய பதிவு ஒன்று, புதிய பதிவு ஒன்று என மாற்றி மாற்றிப் பல இரவுகள் கேட்டேன். எதை நீக்கினாலும் பாட்டு நிற்கிறது, எதை நீக்கினால் சரிந்துவிடுகிறது என்று அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

1976-இல் டப்ளினின் மவுண்ட் டெம்பிள் பள்ளி அறிவிப்புப் பலகையில், குழு அமைக்க ஆள் தேவை என்று ஒரு சீட்டை ஒட்டியவர் பதினான்கு வயது லாரி முல்லன். அவர் வீட்டுச் சமையலறையில்தான் முதல் ஒத்திகை நடந்தது. 1978-இல் லிமரிக் நகரப் போட்டியில் 500 பவுண்டு பரிசு வென்ற அந்தப் பையன்கள், 1980-இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் இடம்பெற்ற ‘ஐ வில் ஃபாலோ’ போனோ தம் தாயை நினைத்து எழுதியது. அவருக்குப் பதினான்கு வயதானபோது தாய் இறந்துபோனார். பழைய பதிவில் இருபது வயதுக் குரல் முட்டி மோதிக்கொண்டு ஓடுகிறது. புதிய பதிவிலோ, அறுபதைக் கடந்த ஒருவர் அதே வரிகளை நிதானமாக உச்சரிக்கிறார். துயரம் அதேதான். ஆனால் அந்த ஓட்டத்தை நான் மிகவும் தேடினேன்.

‘சண்டே ப்ளடி சண்டே’யில் இழப்பு இன்னும் பெரியது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படையினர் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்ற நிகழ்வை நினைவூட்டும் இப்பாட்டுக்கு, 1983-ஆம் ஆண்டுப் பதிவில் லாரியின் டிரம்ஸ்தான் உயிர். இயற்கையான முழக்கம் வேண்டுமென்று வின்ட்மில் லேன் ஒலிப்பதிவுக் கூடத்தின் படிக்கட்டின் அடியில் அவரை உட்காரவைத்து வாசிக்கச் செய்தார்கள். படை நடை போடுவதைப் போன்ற அந்த அடி, குரல் எழும்புவதற்கு முன்பே கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். கிட்டாரும் குரலுமாகச் சுருங்கிய புதிய வடிவத்தில் கோபம் வெறும் கவலையாகிவிடுகிறது.

‘வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹாவ் நோ நேம்’ பாட்டுக்கும் இதே கதிதான். 1987-இல் வந்த மூலப் பதிவில், ஆர்கன் மெல்ல மெல்ல எழ, அதன்மீது எட்ஜின் கிட்டார் சில சுரங்களையே திரும்பத் திரும்ப மீட்ட, எதிரொலிக் கருவி ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்துத் தர, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனோ வாயே திறப்பதில்லை. அதிவேகமாக விரல் ஓட்டும் வித்தையில் எட்ஜ் இறங்கியவரல்லர். எதிரொலிக்கு இடம் விட்டு வாசிக்கத் தெரிந்தவர். உலகம் முழுவதும் யூ2-வை முதல் மீட்டலிலேயே அடையாளம் காட்டியது அந்த இடைவெளிதான். அதை அகற்றிய பிறகு மெட்டு இருக்கிறது. பாட்டின் வானம் இல்லை.

இதனால் தொகுப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனி ஒன்றிணைந்த 1990 அக்டோபரில் பெர்லின் சென்று, எந்தத் திசையில் போவது என்ற கருத்து வேறுபாட்டில் குழுவே உடையும் நிலையில் இருந்தபோது பிறந்த ‘ஒன்’, அலங்காரம் எதுவும் இல்லாமலேயே நிற்கிறது. இணங்கி வாழ்வதன் வலியைப் பேசும் அந்தப் பாட்டுக்கு வயதான குரல் பொருந்துகிறது. முதலில் ஆங் சான் சூகிக்காக எழுதிய ‘வாக் ஆன்’ பாட்டை, உக்ரைன் மக்களுக்காக வரிகள் மாற்றிப் பாடியிருப்பதும் மனத்தைத் தொடுகிறது. எட்ஜ் பியானோவுடன் தனியே பாடும் ‘ஸ்டோரீஸ் ஃபார் பாய்ஸ்’தான் தொகுப்பிலேயே சிறந்தது என்பேன். 1980-இல் துள்ளிக் குதித்த அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு தனிமை இருந்தது இப்போதுதான் தெரிகிறது.

கேட்டுக்கொண்டிருக்கையில் 2019-இல் ஏ.ஆர். ரஹ்மானுடன் இவர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘அஹிம்சா’ நினைவுக்கு வந்தது. திருக்குறள் வரிகள் ஒலிக்கும் அந்தப் பாட்டில் பிறர் குரலுக்கு வழிவிட்டு நின்ற அடக்கத்தை, இந்த நாற்பதில் மெல்லிய பாடல்களிலும் உணர முடிகிறது.

யூ2-வை இதுவரை கேட்காதவர்கள் இதில் தொடங்க வேண்டாம். 1983, 1987, 1991 ஆகிய ஆண்டுகளின் ஆல்பங்களைக் கேட்டுவிட்டு வாருங்கள். நாற்பதையும் ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒரே தாளத்தில் நகர்வதுபோலத் தோன்றி அலுப்புத் தட்டும். 16 பாடல்கள் கொண்ட சிறு பதிப்பே பெரும்பாலோருக்குப் போதும். முழுத் தொகுப்பை வாங்குபவர்கள் இறுதிப் பாடலான ‘ஃபார்ட்டி’யைத் தவறவிட வேண்டாம். 1983 ஆல்பத்துக்கான ஒலிப்பதிவின்போது ஆடம் கூடத்திலிருந்து கிளம்பிப் போன பிறகு எட்ஜ் தாமே பாஸ் கிட்டாரை எடுத்து வாசித்து முடித்த பாட்டு அது. அக்கால மேடைகளில் இதைப் பாடியபடியே ஒவ்வொருவராக இறங்கிச் செல்ல, கூட்டம் மட்டும் பாடிக்கொண்டிருக்க, கடைசியாக எழுந்து போவார் லாரி.